நான் கொடுக்கப்போன நாய்

1998ஆம் ஆண்டு, ஆவணி மாதப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில் எனக்கு ஒரு வீடு உண்டு. அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிரிவலப் பாதையின் ஓரமாக இருந்த ஒரு காலிமனையில், அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஏழரை மணி வரை நடந்ததை எழுதுகிறேன். அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டு தை மாதத்தில்தான் என் மனைவி காலமானாள். அதைப் பற்றி எழுத இது இடமன்று. நடந்தது விளங்குவதற்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன்.

மாடியில் ஹாலந்து நாட்டுப் பெண்மணி ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஐம்பது வயது இருக்கும். தியானம் செய்வதற்காக இந்த ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகத் தங்கிவிட்டதாகச் சொல்வார். நான் பார்த்த வரையில் அவருடைய பொழுது முழுவதும் அடிபட்ட நாய்களையும் சொறிபிடித்த நாய்களையும் தூக்கி வந்து மருந்து போடுவதிலேயே கழிந்தது. வாடகைப் பத்திரத்தில் நாயைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டது என் பிழை. அந்த ஆவணியில் என் மொட்டை மாடியில் பதினான்கு குட்டிகள் இருந்தன.

அவருடைய நாட்டில் இருந்தபோது, ஆதரவற்ற நாய்களுக்கு வீடு தேடித் தரும் முகாம்களில் தொண்டராக வேலை செய்திருக்கிறாராம். பூங்காவில் கூடாரம் போடுவார்களாம். நாய் வேண்டுபவர்கள் முன்கூட்டியே எழுதிப் போட்டு, குறித்த நேரத்துக்கு வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்களாம். அதை இங்கேயும் நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அவர் தேர்ந்தெடுத்த நாள்தான் பௌர்ணமி.

அவருடைய தமிழ், தள்ளுவண்டிக் காய்கறிக்காரியிடமும் ஆட்டோக்காரர்களிடமும் கற்றுக்கொண்டது. "லட்சம் பேர் வர்றாங்க சார். நம்மகிட்ட குட்டி பதினாலு. கம்மி. சீக்கிரம் தீந்துடும்" என்றார்.

கிரிவலம் வருபவர்கள் எங்கிருந்தெல்லாமோ பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள், வெறுங்காலோடும் வெறுங்கையோடும் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறவர்கள், சுற்றி முடித்ததும் நெரிசலில் மறுபடி பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், இவர்களில் யார் நடுவழியில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொள்வார்கள் என்று நான் பொறுமையாக விளக்கினேன்.

"கை காலியாத்தான இருக்குது சார்? அதான் நமக்கு வேணும்" என்றார்.

இருந்தும் இந்த ஏற்பாட்டுக்கு நான் உடன்பட்டேன். காரணம் ஜீவகாருண்யம் அல்ல. எனக்கும் ஒரு நாயைக் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

அது ஐந்து வயதான பெண் நாய். பழுப்பு நிறம், இடது காது நுனியில் கிழிந்திருக்கும். குட்டியாகத் தெருவில் திரிந்ததற்கு என் மனைவி சோறு போட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "இந்தாடி" என்றால் வரும். தினமும் மாலை ஐந்தேகாலுக்கு அவள் சாலையோரப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டால் பின்னாலேயே போய், ஆறு மணிக்கு அவளோடு திரும்பும். அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அவள் போன பிறகு, அந்த மாலை நேரத்தில் மட்டும் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய், ஆறு மணி வாக்கில் திரும்புவேன். திரும்பும்போது ஒவ்வொரு நாளும் அந்த நாய் கேட்டின் முன்னால், சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். நான் வந்ததும் எழுந்து, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, படிவரை பின்னால் வந்து நின்றுவிடும். ஆறு மணிக்கு வர வேண்டியவள் வரவில்லை என்று அது ஏமாந்து நிற்பதாக எனக்குத் தோன்றும். துக்கம் விசாரிக்க வருகிறவர்களை இரண்டு வாக்கியங்களில் அனுப்பிவிட நான் கற்றுக்கொண்டிருந்தேன். இதை அனுப்ப வழி தெரியவில்லை. ஏழு மாதம் ஆயிற்று. இனி ஒரு மாலைகூட அந்தக் காட்சியைக் காண என்னால் முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன். படிவங்களைத் தமிழில் பெயர்த்துத் தருகிறேன், முகாமன்று மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிக்கிறேன், ஆனால் கீழே இருக்கும் பழுப்பு நாயையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "உங்க நாயா சார்?"

"என் நாய் இல்லை. என் மனைவி சோறு போட்ட நாய்."

மறு பேச்சில்லாமல் ஒரு தாளை நீட்டினார். நாயை ஒப்படைக்கிறவர் கையெழுத்திட வேண்டிய தாள். ஆங்கிலத்தில் இருந்தது. நான் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்திடுகிறவன் அல்லன். அன்று இட்டேன்.

நாய் வாங்குகிறவர்களுக்கான படிவத்தில் இருபத்து மூன்று கேள்விகள் இருந்தன. அவருடைய நாட்டில் எழுதப்பட்டவை. மொழிபெயர்க்கும்போது சிலவற்றையாவது நீக்கியிருக்கலாம். ஆனால் மூலத்தில் உள்ளதைக் குறைக்கக் கூடாது என்ற பழக்கம் எனக்கு. "தங்கள் இல்லத்தில் நாய் உறங்குவதற்கென ஒதுக்கப்பட்டுள்ள அறை யாது?" "தாங்கள் விடுமுறைப் பயணம் மேற்கொள்ளுங்கால் நாயைப் பராமரிப்பவர் எவர்?" இப்படி இரண்டு பக்கம். என் தமிழில் எனக்கே ஒரு பெருமிதம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகலெடுக்கும் கடைக்காரர் ஒரு தாளை எடுத்துப் படித்துவிட்டு, "பொண்ணு குடுக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

பௌர்ணமியன்று மூன்று மணிக்குச் சாமியானா, இரண்டு மேசைகள், ஒரு பெஞ்சு, கம்பித் தடுப்புக்குள் பதினான்கு குட்டிகள் எல்லாம் தயார். பழுப்பு நாயை என் மேசைக் காலில் கட்டியிருந்தேன். வெயில் தாழவில்லை, ஆனால் சாலையில் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கால் மணி நேரத்துக்குள் எங்கள் மேசையின் முன்னால் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். ஹாலந்து அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது.

முதலாவதாக நின்ற பெரியவர் தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னா சாதம் சார்?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் ஐம்பது அடிக்கு ஒரு சாமியானா இருக்கும். ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு புண்ணியவான் புளிசாதமோ சாம்பார் சாதமோ கொடுத்துக்கொண்டிருப்பார். சாமியானாவும் மேசையும் தெரிந்தால் மக்கள் தாமாக வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். இந்த ஊரில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"சாதம் இல்லை. இது நாய்க்குட்டி முகாம்" என்றேன்.

"சரி சார். சாதம் எத்தினி மணிக்கு?"

எழுந்து நின்று, வகுப்பறைக் குரலில், இங்கே உணவு வழங்கப்படவில்லை என்று அறிவித்தேன். முன்னால் நின்ற பத்துப் பேர் போனார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் காதில் விழவில்லை. "முன்னாடி இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டாங்க, நகுந்து போங்க" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஹாலந்து அம்மையார் இதற்குள் வரிசையின் கடைசிவரை போய், எல்லோர் கையிலும் என் இருபத்து மூன்று கேள்விகளைக் கொடுத்துவிட்டார். அது டோக்கன் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. அதன் பிறகு கூட்டத்தை யாராலும் கலைக்க முடியவில்லை.

"டோக்கன் வாங்கி அர மணி நேரம் ஆவுது, சோறு எங்க?"

"இதுல எதுனா எழுதணுமாமே?"

"சோத்துக்கும் ஃபாரமாடா? ரேஷன் கடையே தேவலாம்."

"மனுசன் வெயில்ல நிக்கறான், நாய்க்கு சாமியானா!"

"சும்மா இருய்யா, பைரவர் சாமி" என்று ஒரு அம்மாள் அவரை அடக்கினார். பிறகு அவரே என்னிடம் வந்து, "பைரவருக்குப் படைச்ச சாதம் எதுனா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

உண்மையிலேயே நாய் வேண்டும் என்று வந்தவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களால் வந்த தொல்லை வேறு வகை. ஒருவர் குட்டியைக் கையில் எடுத்ததும் மல்லாத்திப் போட்டு நகங்களை எண்ணினார். இருபது நகம் இருக்கிறது, இது வீட்டுக்கு ஆகாது என்றார். அடுத்தவர் அதே குட்டியின் அதே நகங்களை எண்ணி, இருபது நகம் உள்ள நாய்தான் ராசி, ஆனால் இது பொட்டைக் குட்டி என்று கீழே விட்டார். லாரி ஓட்டுநர் ஒருவர், ஒரு குட்டியின் காதைப் பிடித்து அப்படியே அந்தரத்தில் தூக்கினார். கத்தாத குட்டி நல்ல காவலுக்கு வரும் என்பது கணக்கு. குட்டி கத்தவில்லை. ஹாலந்து அம்மையார் கத்தினார். "காது உடு! காது உடுய்யா! உன் காது நான் புடிக்கட்டா?" என்று அவர் பாய்ந்து போனதைப் பார்க்க இன்னும் நூறு பேர் கூடினார்கள்.

நான் என் மேசையில் உட்கார்ந்து தேர்வாளர் வேலையைச் செய்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் செய்முறைத் தேர்வுகள் நடத்தியவன். பகல் முழுவதும் கட்டிப்போடுவேன் என்றவரை நிராகரித்தேன். குட்டியை மாமனாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்றவரை நிராகரித்தேன். விடுமுறைப் பயணம் பற்றிய கேள்விக்கு, "எனக்கு எவன் சார் லீவு குடுக்கறான்?" என்று சிரித்த ஓட்டல் தொழிலாளியை, கேள்வியை அலட்சியம் செய்தார் என்ற காரணத்துக்காக நிராகரித்தேன். ஆறு மணிக்குள் பதினொரு பேரைத் திருப்பியனுப்பியிருந்தேன். கொடுக்கப்பட்டவை நான்கே குட்டிகள். நான்கும் எங்கள் தெருக்காரர்களுக்கு. பௌர்ணமி இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் வீட்டு வாசலிலேயே கொடுத்திருக்கலாம்.

பழுப்பு நாயை ஒருவரும் கேட்கவில்லை. வளர்ந்த நாய், அதுவும் பெண் நாய். அது மேசைக்கடியில் என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. நான் காலை நகர்த்திக்கொண்டால் அதுவும் நகர்ந்தது.

ஆறரை மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் வரிசையில் முன்னால் வந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும் இருவருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள். அவர்களும் சோற்றுக்குத்தான் நின்றிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் போய்விடாமல் அந்தப் பெண் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

"இது குடுக்கறதுங்களா சார்?"

என் நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது. "ஆமாம்" என்றேன்.

"பொட்டையாச்சே மே" என்றார் கணவர்.

"இருந்தா இன்னா? கொலைக்கறதுக்கு மீசையா வேணும்?" என்றார் மனைவி. பிறகு என்னிடம் விவரம் சொன்னார். மல்லாட்டை போட்டிருக்கிறார்களாம். அதாவது நிலக்கடலை. காட்டுப்பன்றி வந்து கொல்லையைக் கிளறிப் போடுகிறதாம். பழைய நாய் கோடையில் செத்துவிட்டது. குட்டியை வாங்கி அது எப்போது வளர்ந்து எப்போது குரைப்பது? தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வேனில் வந்திருக்கிறார்கள், நாயை ஏற்றிப்போக இடம் இருக்கிறது.

இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துப் படிவத்தை எடுத்தேன். அதன் பிறகு ஒரு தேர்வாளன் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன்.

"நாய் உறங்கும் அறை?" என்று கேட்டேன்.

"அறையா? பம்ப்செட்டாண்ட படுக்கும்."

'தனி அறை, மின்வசதியுடன்' என்று எழுதினேன்.

"விடுமுறையில் எங்கே போவீர்கள்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'பயணம் மேற்கொள்வதில்லை' என்று எழுதினேன். இருபத்து மூன்று கேள்விகளும் நான்கு நிமிடத்தில் முடிந்தன. நாயின் கயிற்றை மேசைக் காலிலிருந்து அவிழ்த்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஏன் சார் குடுத்துட்றீங்க? கடிக்குமா?"

"கடிக்காது."

"கோழி புடிக்குமா?"

"இல்லை."

"எதுனா நோவா?"

"ஆரோக்கியமாக இருக்கிறது. அறுவைச் சிகிச்சைகூட ஆகிவிட்டது. குட்டி போடாது."

"அப்புறம் இன்னாதான் சார் அதுக்கு?"

"எனக்குப் பார்த்துக்கொள்ள நேரமில்லை."

"இன்னா வேலைல இருக்கீங்க?"

"ஓய்வு பெற்றுவிட்டேன்."

கணவர் சிரித்துவிட்டார். வரிசையில் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். பதினொரு பேரை நான் விசாரித்துத் திருப்பியனுப்பிய மேசையில், இப்போது விசாரிக்கப்படுகிறவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. எரிச்சலும் அவமானமும் சேர்ந்து வந்தன. அந்தக் கேள்விகளை ஒரேயடியாக நிறுத்துவதற்காக, ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சுருக்கமாகச் சொன்னேன். மனைவி இறந்துவிட்டாள். அவள் கோயிலிலிருந்து வரும் ஆறு மணிக்கு இந்த நாய் தினமும் கேட்டில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருக்கிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் நாயைப் பார்த்தார். பிறகு, மல்லாட்டைக் கொல்லையில் பன்றி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்பது போன்ற குரலில் கேட்டார்.

"அம்மா இருந்தப்பவும் கேட்லதான் குந்தினு இருக்குமா சார்?"

"இல்லை. அவள் பின்னாலேயே போய், அவளோடு திரும்பி வரும்."

"அப்ப அம்மாவுக்கு அது என்னைக்குக் காத்துனு இருந்துச்சு?"

நான் நாயைப் பார்த்தேன்.

"ஆறு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"நூலகத்திலிருந்து வந்துகொண்டிருப்பேன்."

"நீங்க வந்தா இன்னா பண்ணும்?"

"எழுந்துகொள்ளும். என் பின்னால் வரும்."

"உங்களுக்குத்தான் சார் காத்துனு இருக்குது" என்றார் அவர்.

செய்முறை வகுப்பில் முதல் வாரமே மாணவர்களுக்குச் சொல்லித்தருவது ஒன்று உண்டு. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறும். பிழை கோலில் இல்லை, கண் இருக்கும் இடத்தில் இருக்கிறது. இடமாறு தோற்றப் பிழை என்று அதற்குப் பெயர். அதற்காக எத்தனையோ பேருடைய மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். அந்த நாய் தன் வாழ்நாளில் ஒருநாள்கூட என் மனைவிக்காகக் கேட்டில் காத்திருந்ததில்லை. அதற்குத் தேவையே இருந்ததில்லை. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆண்டுக்கணக்கில் என் கண்ணெதிரில் நடந்தது. தெரிந்தவற்றைச் சேர்த்துப் பார்க்க, சோற்றுக்கு வரிசையில் நின்ற ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

அவர் கயிற்றைத் திருப்பி என் மேசை மேல் வைத்தார்.

"வேணாம் சார்."

"ஏன்?" என்றேன்.

"ஆள் இருக்கற நாய ஓட்டினு போனா நிக்காது சார். கயித்த அறுத்துனு ரோட்டாண்ட வரும், லாரில உழும். அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு? நீங்க ஒரு பொட்டைக் குட்டி குடுங்க, நாங்க வளத்துக்கறோம்."

அன்று நிராகரிக்கப்பட்ட பன்னிரண்டாவது ஆள் நான்.

இத்துடன் முடிந்திருந்தால் ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும். குட்டிக்குத் தனிப் படிவம் வேண்டும் என்று ஹாலந்து அம்மையார் அந்தத் தம்பதியரை மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கும் ஒரு படிவத்தை நீட்டினார்.

"எனக்கு எதற்கு?"

"நாய் இட்டுனு போகணும்னா ஃபார்ம் எழுதணும் சார்."

"இது என் நாய்!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"இல்ல சார். நீங்க குடுத்துட்டீங்க. கையெழுத்து இருக்குது. இப்ப புதுசா வாங்கறீங்க." அவர் கேலி செய்யவில்லை. அவருடைய நாட்டில் விதி என்றால் விதி. ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் என் வீட்டுக் கேட்டு தெளிவாகத் தெரியும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு ஒருநாள் கேட்டபோது, நாய் யாருக்காக உட்கார்ந்திருக்கிறது என்பது தனக்கு முன்பே தெரியும் என்றுதான் சொன்னார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்க பேசறதே கம்மி சார்" என்றார்.

எனவே திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், ஐம்பது பேர் வேடிக்கை பார்க்க, நான் தமிழாக்கம் செய்த இருபத்து மூன்று வினாக்களுக்கு நானே விடை எழுதினேன். எவ்வளவு மோசமான தமிழ் அது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாயின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'இந்தாடி' என்று எழுதினேன். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நாய் தனித்து விடப்படும் என்ற கேள்விக்கு, வீட்டில் இருந்துகொண்டே அதைத் திரும்பிப் பார்க்காத நேரத்தையும் கூட்டி உண்மையை எழுதினேன். அந்த விடையை வேறொருவர் எழுதியிருந்தால் நிராகரித்திருப்பேன்.

இருபத்து மூன்றாவது கேள்வி: "தாங்கள் மறைய நேரின், நாயின் பொறுப்பை ஏற்பவர் எவர்?" அங்கே என் பேனா நின்றது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உறவினர்கள் நாய்க்கு ஆகிறவர்கள் அல்லர். ஹாலந்து அம்மையார் அடுத்த ஆண்டு ஊர் திரும்பப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் நீண்ட நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பெஞ்சில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "இன்னா சார் கேட்டுக்குது?" என்றார். படித்துக் காட்டினேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. சாதாரணத் தமிழில் சொன்னேன்.

"எங்க ஊர எழுதிக்கோங்க. நாங்க வந்து ஓட்டினு போறோம்" என்றார்.

"சற்று முன் வேண்டாம் என்றீர்களே."

"அப்ப அதுக்கு ஆள் இருக்காது இல்ல சார்? நிக்கும்."

கணவர் பதறிப்போய், "இன்னாமே பேசற, பெரியவங்ககிட்ட!" என்றார். நான் சிரித்தேன். தை மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அவர்களுடைய பெயரையும் ஊரையும் அந்த வரியில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாட்கள் சோதித்துப் பார்த்தேன். பழக்கம் விடாது. காலை பத்து மணிக்கு வெளியே போய்ப் பதினொன்றரைக்குத் திரும்பினேன். பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பினேன். ஆறு மணிக்குப் பதிலாக ஏழு மணிக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அது கேட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்தது. நான்காவது நாள், அந்த நாயை இப்படி அலைக்கழிப்பது நியாயமல்ல என்று நிறுத்திவிட்டேன்.

அது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தது. ஒரு கார்த்திகை மாதத்தில், எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கீழ்பென்னாத்தூருக்கு ஒரு கடிதம் போட்டேன், இனி வர வேண்டியதில்லை என்று. கணவர் மட்டும் பேருந்து பிடித்து வந்து, மல்லாட்டை ஒரு பை கொடுத்துவிட்டு, சற்று நேரம் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில், சீக்கிரம் எழுந்து போனால் தேவலை என்று நான் நினைக்காத ஒரே ஆள் அவர்.

இழந்தவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், எனக்காக ஓர் உயிர் ஒவ்வொரு மாலையும் எழுந்து நின்றதை ஏழு மாதம் நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது, அந்த வெட்கத்தை விட்டுவிட எனக்கு மனமும் இல்லை.